சிக்கனத்தால் பெருகிய செலவு

சிக்கனம் செலவைக் குறைக்கும் என்பது குடும்பம் நடத்துவோர் யாவரும் அறிந்த உண்மை. விளக்கின் திரியைத் தாழ்த்தினால் எண்ணெய் மிஞ்சும். அடுப்பைத் திருத்தி அமைத்தால் விறகு மிஞ்சும். ஒரு வீட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு நாட்டுக்கும், நாடுகளை இணைக்கும் கடல் வாணிகத்துக்கும் பொருந்துமா? பொருந்தாது என்று 1865ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இளம் ஆசிரியர் ஒருவர் துணிந்து கூறினார். அவர் கூறியது நிலக்கரியைப் பற்றி. ஆயினும் அவருக்குப் பின் மலாக்கா நீரிணை வழியே நடைபெற்றுவந்த சரக்குப் போக்குவரத்தின் வரலாறு, அவருடைய கூற்றுக்கு எழுதப்பட்ட விரிவுரை போலவே அமைந்துள்ளது. கப்பல்கள் வெளியிடும் கரியமில வாயுவைக் குறைக்க உலக நாடுகள் வழி தேடும் இக்காலத்தில் அவ்வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயனுடைய செயலாகும்.

லிவர்பூல் தந்த அறிஞர்

வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1835ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரில் பிறந்தார். கப்பல்களால் வாழ்ந்த நகரம் அது. அவருடைய தந்தையார் இரும்பு வணிகர். 1848இல் குடும்ப நிறுவனம் நொடித்துப் போயிற்று. இலண்டனில் பயின்றுகொண்டிருந்த ஜெவன்ஸ் கல்வியை இடையில் நிறுத்திவிட்டு, 1854இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். சிட்னி நாணயச்சாலையில் பொன்னின் மாற்றை ஆய்ந்து கூறும் பணி அவருக்குக் கிடைத்தது. ஐந்தாண்டு அப்பணியை ஆற்றியபின் தாயகம் திரும்பி, விட்ட கல்வியைத் தொடர்ந்து பட்டம் பெற்றார். 1863இல் மான்செஸ்டர் நகரின் ஓவன்ஸ் கல்லூரியில் பயிற்றாசிரியராக அமர்ந்தார். பொன்னின் மாற்றை அறிந்து பழகிய கண் பின்னர் நாட்டின் செல்வத்தின் மாற்றையும் ஆராயத் தலைப்பட்டது.

முப்பது வயது நிறையுமுன் அவர் எழுதிய 'நிலக்கரி வினா' என்னும் நூல் 1865இல் வெளிவந்தது. அன்றைய பிரிட்டனின் ஆலைகளும் இருப்புப்பாதைகளும் கப்பல்களும் நிலக்கரியை நம்பியே இயங்கின. கரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டோர்க்கு அக்காலத்தில் ஒரு விடை ஆயத்தமாக இருந்தது. பொறிகள் நாளுக்கு நாள் திருத்தம் பெறுகின்றன. எனவே கரிச் செலவு குறைந்துகொண்டே போகும் என்பதே அவ்விடை. ஜெவன்ஸ் இதனை மறுத்தார். ஸ்காட்லாந்தின் இரும்பு உலைகளை அவர் சான்றாகக் காட்டினார். அங்கு ஒரு டன் இரும்பை உருக்கத் தேவைப்பட்ட கரி முன்னிருந்ததில் மூன்றிலொரு பங்குக்கும் கீழாகக் குறைந்தது. ஆனால் 1830க்கும் 1863க்கும் இடையே அந்நாட்டில் எரிந்த கரியின் மொத்த அளவோ பத்து மடங்காகப் பெருகியது.

இதற்குக் காரணம் எளிது. கரிச் செலவு குறைந்தால் இரும்பின் விலை குறையும். விலை குறைந்தால் முன்னர் இரும்பை வாங்க இயலாதோரும் வாங்குவர். முன்னர் மரத்தால் ஆனவை இரும்பால் ஆகும். புதிய உலைகள் எழும். ஒவ்வோர் உலையும் சிக்கனமாக எரிந்தாலும் உலைகளின் எண்ணிக்கை அச்சிக்கனத்தை விழுங்கிவிடும். 1866இல் ஜான் ஸ்டுவர்ட் மில் பாராளுமன்றத்தில் இந்நூலைச் சுட்டிப் பேசினார். நிதியமைச்சர் கிளாட்ஸ்டனும் இதனைக் கருத்தில் கொண்டார். இளம் ஆசிரியரின் பெயர் நாடெங்கும் பரவியது.

சேமித்த கரி எங்கே போயிற்று?

ஜெவன்ஸ் இவ்வாறு எழுதிய அதே காலத்தில், அவர் பிறந்த லிவர்பூல் நகரிலேயே ஆல்பிரட் ஹோல்ட் என்னும் பொறியாளர் புதுவகைக் கப்பலொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அதுவரை நீராவிக் கப்பல்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நெடுந்தொலைவு செல்லவேண்டுமாயின் கப்பலின் வயிற்றில் பெரும்பகுதியைக் கரியே அடைத்துக்கொள்ளும். சரக்குக்கு இடம் இராது. ஆகவே அஞ்சலும் பயணிகளும் விலையுயர்ந்த பொருள்களுமே நீராவிக் கப்பலில் சென்றன. 1845இல் ஐரோப்பிய அஞ்சலுடன் சிங்கப்பூரை அடைந்த 'லேடி மேரி வுட்' அத்தகைய கப்பலே. அரிசி, ஈயம், மிளகு போன்ற கனத்த சரக்குகள் பாய்மரக் கப்பலில்தான் சென்றன. நீராவிக் கப்பலுக்கு வேண்டிய கரியைக்கூட வேல்ஸ் நாட்டிலிருந்து பாய்மரக் கப்பல்களே கிழக்கே சுமந்துவந்தன.

ஹோல்ட் தம் பொறியில் ஒரே நீராவியை இருமுறை வேலை வாங்கினார். உயர்ந்த அழுத்தத்தில் சிறிய உருளையில் இயங்கிய ஆவி, பின்னர் பெரிய உருளைக்குச் சென்று மீண்டும் இயங்கியது. 1866இல் புறப்பட்ட அவருடைய 'அகமெம்னான்' நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 டன் கரியையே எரித்தது. அதையொத்த பிற கப்பல்களின் செலவைவிட இது மிகக் குறைவு. லிவர்பூலிலிருந்து மொரீசியஸ் தீவு வரை 8,500 மைல் தொலைவை அது எங்கும் நில்லாமல் கடந்தது.

கரி சேமிக்கப்பட்டது உண்மை. அதன் விளைவு யாது? கரிக்கு ஒதுக்கிய இடம் சரக்குக்குக் கிடைத்தது. சரக்குக் கட்டணம் குறைந்தது. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட வழி ஏறத்தாழ 30 விழுக்காடு சுருங்கியபோது, கால்வாயிலும் செங்கடலின் காற்றிலும் பாய்மரக் கப்பல் தடுமாறியது. நீராவிக் கப்பல் தடையின்றிச் சென்றது. 1881இல் 'அபர்தீன்' என்னும் கப்பலில் நீராவியை மும்முறை வேலை வாங்கும் பொறி வெற்றிபெற்றது. அதன்பின் காசு செலவில்லாத காற்றை நம்பி ஓடிய கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கடலைவிட்டு மறைந்தன. ஒவ்வொரு கப்பலும் கரியை மிச்சப்படுத்தியது. கப்பல்கள் யாவும் சேர்ந்து முன்னிலும் பன்மடங்கு கரியை எரித்தன.

சிங்கப்பூரின் துறைமுக வளர்ச்சி இதற்கு நேரடிச் சான்று. 1819இல் சுங்கவரியில்லாத் துறைமுகமாகத் தொடங்கிய அத்தீவு, 1852 முதல் புதுத்துறைமுகத்தில் கரி இருப்பு வைத்துக் கப்பல்களுக்கு வழங்கிற்று. 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தோன்றியது. வேல்ஸ், வங்காளம், ஜப்பான் எனப் பல நாட்டுக் கரியும் அங்கு மலைபோல் குவிந்தன. அதனைக் கப்பலில் ஏற்றியவை எந்திரங்கள் அல்ல. தொழிலாளர் இருவர் இருவராகக் கூடையைக் கழியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து பலகை வழியே ஏறி இறங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். உடலெல்லாம் கரித்தூள் படிந்த அம்மனிதர்களின் தோள்வலிமையிலேயே கீழ்த்திசை வாணிகம் நடந்தது.

இப்பெருக்கத்தை வீண்செலவென்று மட்டும் தள்ளிவிட முடியாது. பாய்மரக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வரப் பருவக்காற்றை எதிர்பார்க்கவேண்டும். நீராவிக் கப்பலோ ஆண்டு முழுவதும் ஓடியது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டபின், தோட்டங்களுக்கு வருவோரின் பயணச் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலின் மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளுடன் வந்திறங்கியோரின் வழித்தோன்றல்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் பலர். அவர்கள் சீவிய ரப்பர் அதே கடல்வழியில் மேற்கே சென்றது. மலிவான கப்பற்பயணம் புகையை மட்டும் பெருக்கவில்லை. ஒரு சமுதாயத்தையே இம்மண்ணில் வேரூன்றச் செய்தது. சிக்கனத்தின் சிக்கல் இங்குதான் இருக்கிறது. அதனால் பெருகிய செலவில் மக்களின் வாழ்வும் கலந்திருக்கிறது.

வரியும் புகையும்

சிக்கனம் தானே செலவைக் கட்டுப்படுத்தாது எனில், அரசின் வாணிகக் கொள்கை கட்டுப்படுத்துமா? இக்கேள்வி ஜெவன்ஸ் காலத்திலேயே எழுந்தது. ஆனால் 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட வாணிக உடன்படிக்கையில், நிலக்கரி ஏற்றுமதியைத் தடுப்பதில்லை, அதன்மீது வரி விதிப்பதில்லை என்று இரு நாடுகளும் உறுதி கூறியிருந்தன. கட்டற்ற வாணிகமே அன்றைய வேதம். 1901இல் தென்னாப்பிரிக்கப் போரின் செலவை ஈடுகட்டப் பிரிட்டன் ஏற்றுமதிக் கரிக்கு டன்னுக்கு ஒரு ஷில்லிங் வரி விதித்தது. சுரங்க முதலாளிகளும் தொழிலாளரும் ஒருங்கே எதிர்த்தனர். 1906இல் அவ்வரி நீங்கியது. அது கருவூலத்துக்காக விதிக்கப்பட்ட வரியேயன்றிக் கரியைக் காப்பதற்காக விதிக்கப்பட்டதன்று.

மலாயாவில் நிகழ்ந்த மற்றொரு வரியின் கதை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோண்டிய ஈயத்தாதுவை உருக்க, சிங்கப்பூரையடுத்த பிராணித் தீவில் 1890இல் பெரிய உலை நிறுவப்பட்டது. பின்னர் அமெரிக்க முதலாளிகள் அத்தாதுவை அப்படியே தம் நாட்டுக்குக் கொண்டுசென்று உருக்க முயன்றனர். 1903இல் மலாய்க் கூட்டு மாநில அரசு வெளிநாடு செல்லும் தாதுவின்மீது தாங்கவொண்ணாத வரியை விதித்தது. நீரிணைக் குடியேற்றங்களில் உருக்கப்படும் தாதுவுக்கு அவ்வரி இல்லை. அமெரிக்க முயற்சி முறிந்தது. உலையும் வேலையும் இங்கேயே தங்கின. உலைப்புகையும் இங்கேயே தங்கியது. ஆக, ஒரு சுங்கவரி சரக்கு செல்லும் வழியை மட்டுமன்றிப் புகை எழும் இடத்தையும் முடிவு செய்ய வல்லது என்பது நூறாண்டுக்கு முன்பே இங்கு மெய்ப்பிக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, சிமெண்டு, அலுமினியம், உரம் முதலியவற்றை இறக்குமதி செய்வோர் அவற்றின் உற்பத்தியில் எழுந்த கரியமில வாயுவுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்று 2023 அக்டோபரில் நடைமுறைப்படுத்திய எல்லைவிதி இதே தத்துவத்தின் புதுவடிவம் எனலாம். 2026 முதல் கணக்கோடு கட்டணமும் அதில் சேர்கிறது. ஒன்று உலையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள எழுந்த வரி. மற்றொன்று உலை எங்கிருந்தாலும் அதன் புகையைக் குறைக்க எழுந்த விதி. நோக்கம் வேறாயினும் இரண்டுக்கும் கருவி ஒன்றே.

எண்ணெயும் இரும்புப் பெட்டியும்

1892இல் 'மியூரெக்ஸ்' என்னும் கப்பல் மண்ணெண்ணெயைச் சுமந்து சூயஸ் கால்வாயைக் கடந்தது. எண்ணெய்க் கப்பலொன்று அக்கால்வாயைக் கடந்தது அதுவே முதன்முறை. அதன் சரக்கை ஏற்கச் சிங்கப்பூருக்கு அருகே புக்கோம் தீவில் தொட்டிகள் காத்திருந்தன. விளக்கெரிக்க வந்த எண்ணெய் விரைவில் கப்பலையும் ஓட்டத் தொடங்கியது. 1912இல் டென்மார்க்கின் 'செலாண்டியா' டீசல் பொறியின் வலிமையால் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் நோக்கிச் சென்றது. புகைபோக்கியின் தேவைகூட அதற்கு இல்லை. கரியினும் எண்ணெய் சிறிது இடத்தில் மிகுந்த ஆற்றலைத் தந்தது. கரியள்ளிக் கொட்டும் ஆட்களும் வேண்டியதில்லை. மீண்டும் சிக்கனம், மீண்டும் இடம் மிச்சம், மீண்டும் சரக்குப் பெருக்கம். மலாயா இரயில்வேக்கு 1915 முதல் கரி தந்த சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கமும் எண்ணெயின் வருகையால் நலிந்து 1960இல் மூடப்பட்டது.

அடுத்த மாறுதல் எரிபொருளில் அன்று, பெட்டியில் வந்தது. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கச் சரக்குந்து முதலாளி, 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். தளர்ந்த சரக்கை ஆள் வைத்து ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆயிற்று. பெட்டியில் அடைத்து ஏற்ற ஏறத்தாழ 16 காசே ஆயிற்று. 1972 ஜூனில் 'நிஹோன்' என்னும் கப்பல் 300 கொள்கலன்களுடன் தஞ்சோங் பகாரை அடைந்தது. 1973இல் கிள்ளான் துறைமுகமும் கொள்கலன் முனையத்தைத் திறந்தது. தோளில் மூட்டை சுமந்த தமிழரும் மலையாளிகளும் சீனரும் படிப்படியாகத் துறைமுகத்தைவிட்டு அகன்றனர். பளுதூக்கிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

அதே மெக்லீன் 1972இல் மணிக்கு 33 கடல்மைல் விரையும் கப்பல்களைக் கடலில் விட்டார். அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 டன் எண்ணெயைக் குடித்தன. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் அவை சுமையாயின. முடிவில் அமெரிக்கக் கடற்படை அவற்றை வாங்கிக்கொண்டது. எரிபொருள் விலை உயர்ந்தால் கப்பல் மெல்லச் செல்லும், தாழ்ந்தால் விரைந்து செல்லும் என்னும் பாடத்தைக் கப்பல் தொழில் அன்று கற்றது. சிக்கனத்தால் ஆகாததை விலை செய்துகாட்டிற்று.

1970இல் கடல்வழிச் சென்ற உலகச் சரக்கு 260 கோடி டன். 2023இல் அது 1,230 கோடி டன். சிங்கப்பூர் 2024இல் 4 கோடியே 11 இலட்சம் கொள்கலன் அளவுகளைக் கையாண்டது. அதே ஆண்டில் கப்பல்களுக்கு ஏறத்தாழ 5 கோடியே 49 இலட்சம் டன் எரிபொருளை விற்றது. 1861ஆம் ஆண்டில் பிரிட்டன் முழுவதிலும் தோண்டப்பட்ட நிலக்கரி 8 கோடியே 36 இலட்சம் டன் என்று ஜெவன்ஸ் கணக்கிட்டிருந்தார். அவரைக் கலங்கவைத்த அந்த அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எடையுள்ள எரிபொருளை இன்று ஒரு துறைமுகமே ஓராண்டில் கப்பல்களுக்கு வழங்குகிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்றிச் செலவுக்கும் பொருந்தும் பழமொழியாயிற்று.

யார் கணக்கில் எழுதுவது?

1997இல் கியோட்டோவில் கூடிய நாடுகள் கரியமில வாயுவைக் குறைக்க உடன்பட்டபோது, பன்னாட்டுக் கப்பல்களின் புகையை எந்த நாட்டின் கணக்கிலும் சேர்க்கவில்லை. அப்பொறுப்பை அனைத்துலகக் கடல்சார் அமைப்பிடம் ஒப்படைத்தன. ஒரு நாட்டுக் கொடி, மற்றொரு நாட்டு முதலாளி, வேறொரு நாட்டு மாலுமிகள், பல நாட்டுச் சரக்கு என அமைந்த கப்பலின் புகை யாருடையது? இக்கேள்விக்கு எளிய விடை இல்லை.

அவ்வமைப்பு முதலில் நாடியது சிக்கனத்தையே. 2013 முதல் புதிய கப்பல்கள் குறித்த அளவு எரிபொருள் திறனுடன் கட்டப்படவேண்டும் என்று விதி செய்தது. அவ்வமைப்பே 2020இல் வெளியிட்ட ஆய்வு விளைவைத் தெரிவிக்கிறது. 2012க்கும் 2018க்கும் இடையே, சரக்கின் அளவுக்கு எழும் புகை குறைந்தது. ஆனால் கப்பல்கள் வெளியிட்ட வெப்பவாயுக்களின் மொத்தமோ 97 கோடியே 70 இலட்சம் டன்னிலிருந்து 107 கோடியே 60 இலட்சம் டன்னாக உயர்ந்தது. இவ்வுயர்வு முழுவதையும் சிக்கனத்தின் தலையில் சுமத்துவது முறையன்று. மக்கள்தொகையும் ஆலைகளும் வளர்ந்தன; சேமிப்பால் விளையும் பெருக்கம் எவ்வளவு என்பதில் பொருளியல் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் சிக்கனம் ஒன்றே மொத்தத்தைக் குறைத்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு இக்கணக்கில் இடமில்லை.

இதனை உணர்ந்தே 2021இல் மார்ஷல் தீவுகளும் சாலமன் தீவுகளும் கப்பற்புகைக்கு டன்னுக்கு 100 டாலர் கட்டணம் விதிக்கவேண்டும் என்று முன்மொழிந்தன. மார்ஷல் தீவுகள் உலகின் பெரிய கப்பற் பதிவகங்களுள் ஒன்றை உடையவை. கடல்மட்டம் உயர்ந்தால் நிலமிழக்கும் தீவுகளும் அவையே. 2023 ஜூலையில் கடல்சார் அமைப்பின் உறுப்பு நாடுகள் 2050ஆம் ஆண்டையொட்டி நிகரப் புகையைச் சுழியாக்க இசைந்தன. 2024 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் துறைமுகங்களுக்கு வரும் பெருங்கப்பல்களைத் தன் புகைக்கட்டண முறைக்குள் கொண்டுவந்தது. கிள்ளானிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ராட்டர்டாம் செல்லும் கப்பலின் புகையில் பாதி அதில் அடங்கும். 2025 ஏப்ரலில் எரிபொருள் அளவுகோலும் அதை மீறுவோர்க்குக் கட்டணமும் கொண்ட உலகத் திட்டத்தைக் கடல்சார் அமைப்பின் குழு ஏற்றது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அதனை நிறைவேற்றக் கூடியபோது அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. 57 நாடுகள் ஒத்திவைப்பதற்கு ஆதரவாகவும் 49 நாடுகள் எதிராகவும் வாக்களிக்க, முடிவு ஓராண்டு தள்ளிப்போயிற்று.

இதில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள பொருட்டு சிறிதன்று. செம்பனை எண்ணெயும் ரப்பர்ப் பொருள்களும் நெடுந்தொலைவு கடல் கடந்தே சந்தையை அடைகின்றன. புகைக்குக் கட்டணம் வந்தால் அதில் ஒரு பகுதியை ஏற்றுமதி செய்வோரும், உணவை இறக்குமதி செய்து உண்போரும் சுமக்கவேண்டிவரும். சிங்கப்பூர் எரிபொருள் விற்று வாழும் துறைமுகம். கடல் உயர்ந்தால் முதலில் அஞ்சவேண்டிய தாழ்நிலத் தீவும் அதுவே. 1852இல் கரியைக் குவித்து வளர்ந்த அத்துறைமுகம் 2023 ஜூலையில் ஒரு கொள்கலன் கப்பலுக்கு மெத்தனாலை ஏற்றித் தந்தது. காலத்தின் மாற்றத்தை அங்குள்ளோர் அறிந்திருக்கின்றனர் என்பதற்கு அது சான்று.

ஜெவன்ஸ் பிழைத்ததும் பிழையாததும்

ஜெவன்ஸ் எல்லாவற்றையும் சரியாகக் கண்டார் என்பதற்கில்லை. கப்பற்பொறிக்கு எண்ணெய் ஏற்றது என்பதை அவர் அறிந்திருந்தும், அதன் இருப்புச் சிறிது, உறுதியற்றது என்று ஒதுக்கினார். எழுதுதாளுக்கும் பஞ்சம் வரும் என்று அஞ்சி அவர் வாங்கி அடுக்கிய தாள்களை, ஐம்பதாண்டுக்குப் பின்னும் அவருடைய பிள்ளைகளால் தீர்க்க இயலவில்லை என்று கெயின்ஸ் எழுதியிருக்கிறார். பிரிட்டனின் கரி உற்பத்தி 1913இல் 28 கோடியே 70 இலட்சம் டன்னை எட்டி, அதன்பின் இறங்கியது. 2024 செப்டம்பர் 30ஆம் நாள் அந்நாட்டின் கடைசிக் கரி மின்நிலையம் மூடப்பட்டது. அன்றும் மண்ணுக்கடியில் கரி இருந்தது. மாற்று எரிபொருளும் புகைக்கு விதித்த விலையும் அரசின் சட்டமும் சேர்ந்தே கரியை வெளியேற்றின.

ஆனால் அவர் கண்ட அடிப்படை உண்மை பிழைபடவில்லை. பாயிலிருந்து நீராவிக்கும், கரியிலிருந்து எண்ணெய்க்கும், மூட்டையிலிருந்து பெட்டிக்கும் மாறிய ஒவ்வொரு முறையும் சேமிப்பு நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் அச்சேமிப்பு மேலும் சரக்காக மாறிக் கடலில் மிதந்தது. சேமித்ததைச் சேமிப்பாகவே நிறுத்திவைக்க வேண்டுமாயின், பொறியாளரின் திறனோடு விலையும் விதியும் துணைநிற்க வேண்டும். அவ்விதியை வகுக்கும்போது, மலிவான கடல்வழியால் வாழ்வு பெற்ற எளிய நாடுகளின் தலையில் முழுச்சுமையும் விழாமல் காப்பதும் கடமையாகும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. கடலிலும் காற்றிலும் கொட்டுவதற்கு நெடுங்காலம் அளவே இருந்ததில்லை. அளக்கும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. அளந்ததற்கு விலை வைக்கும் துணிவை நாடுகள் ஒருங்கே பெறுவதே எஞ்சியிருக்கும் பணியாகும்.